டவ், பூம், சம்பூக்: அரபு மரக்கலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் துபாய் கிரீக் (ஊர் நடுவே புகும் கடற்கழி) கரைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்ற சிறு படகில் அக்கரைக்குப் போவது, தேரா பக்கம் கட்டியிருக்கும் மரக்கலங்களைப் பார்ப்பது, டீ குடிப்பது. அந்த டீ முடிவதற்குள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன்.

இதுக்குப் பேரு என்னங்க? தோவா, டோவா, டவ்வா?

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். 'டவ்' என்பதுதான் உச்சரிப்புக்குக் கிட்டத்தில் வரும். ஆனால் அது ஐரோப்பியர்கள் பரப்பிய பொதுப்பெயர். இந்தியப் பெருங்கடலில் பாய் விரித்துப் போன மரக்கலம் எதைக் கண்டாலும் அவர்கள் டவ் என்று எழுதி வைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'தாவு' என்று ஒரு சிறு படகு உண்டு. அதிலிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து.

பழைய அரபு மாலுமியிடம் போய் "இது டவ்வா?" என்று கேட்டால் சிரிப்பார். நம்மூரில் ஒருவர் மாட்டு வண்டி, ஜட்கா, கூண்டு வண்டி எல்லாவற்றையும் காட்டி "இதுதானே வாகனம்?" என்று கேட்பது போல இருக்கும். அவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயர். துறைமுகத்தில் வேலை செய்யும் நம் ஆட்கள் எல்லாவற்றையும் 'லாஞ்ச்' என்று முடித்துவிடுவார்கள். ஈரான் கரையில் 'லெஞ்ச்'.

எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, அவங்க எப்படிப் பேர் பிரிச்சாங்க?

பெரும்பாலும் உடலின் வடிவத்தை வைத்து. பாயை மறந்துவிட்டு அணியத்தையும் (முன்பக்கம்) பின்புறத்தையும் பாருங்கள். இரண்டு முனையும் கூராக, முன்னால் ஒரு நீளக் கட்டை நேராகச் சாய்ந்து நீட்டிக்கொண்டு, அதன் நுனியில் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசியிருந்தால் அது பூம். குவைத்காரர்களின் பெருமை. அவர்கள் நாட்டுச் சின்னத்திலேயே பாய் விரித்த மரக்கலம் இருக்கிறது. பின்புறம் அரண்மனை முகப்பு மாதிரி தட்டையாக, சன்னல்களும் செதுக்கு வேலையுமாக இருந்தால் அது பகலா. பெயருக்கு அர்த்தம் கோவேறு கழுதை. சுமக்கிற சரக்கைப் பார்த்து வைத்திருப்பார்கள் போல. ஓமானின் சூர் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கஞ்சா, பகலாவின் நெருங்கிய உறவு. முன்கட்டையின் உச்சியில் மூவிதழ் போன்ற செதுக்கல் இருக்கும். (ஆமாம், கஞ்சாதான். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை.)

சம்பூக்கின் அணியம் வளைந்த வாள் மாதிரி தாழ்ந்து எழும்; ஜால்பூத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இவை போக பத்தீல், பதன், ஷூஈ என்று பட்டியல் நீளும். பகலாவின் அந்தத் தட்டைப் பின்புறம் போர்த்துகீசியர் முதலான ஐரோப்பியக் கப்பல்களைப் பார்த்து வந்தது. இருமுனையும் கூரான பூம் வடிவம் அதைவிடப் பழைய மரபு. அதனால் அலங்காரம் அதிகமாக இருந்தால் பழையது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பாலைவனத்துல ஏதுங்க மரம்? எதை வச்சுக் கட்டினாங்க?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில்: மலபாரிலிருந்து. தேக்கு கேரளக் கரையிலிருந்து கப்பலேறி வளைகுடாவுக்குப் போனது. அதோடு அயினியும் (ஆஞ்சிலி என்றும் சொல்வோம், பலாவின் உறவு) போனது. கயிறு திரிக்கத் தென்னை நார் லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கமிருந்து. உள்ளே வங்குக்கால் (விலா எலும்பு போன்ற சட்டம்) வைக்க மட்டும் இயற்கையிலேயே வளைந்த உள்ளூர் மரங்களைத் தேடிப் பிடிப்பார்கள். நேரான மரத்தை வளைப்பதைவிட, வளைந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது உறுதி.

சில சமயம் மரத்தை அனுப்பச் சொல்லாமல் தச்சர்களே இந்தியாவுக்குப் போய்க் கட்டி ஓட்டி வந்தார்கள். கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூரில் இன்றும் 'உரு' என்ற பெயரில் இந்த வேலை நடக்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வளைகுடாக்காரர்கள். ஆக, 'அரபுக் கப்பல்' என்று நாம் கை காட்டுவதில் பலகை மலையாள நாட்டுடையது, கயிறு தீவுகளுடையது, பாய்மரத்துக்கு மேலே குறுக்கே போகும் பருமல் எந்தக் கரையிலோ வெட்டியது. அரபிகளுடையது எது என்றால், இத்தனையும் எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் போனால் கிடைக்கும் என்ற கணக்கு.

ஆணியே இல்லாம கயித்தால தைச்சாங்களாமே, நிஜமாவா?

நிஜம். இரண்டு பலகைகளின் விளிம்பிலும் வரிசையாகத் துளை போட்டு, இணைப்பின் மேல் நார்க் கட்டு ஒன்றை வைத்து, அதையும் சேர்த்து உள்ளும் புறமுமாகக் கொச்சக்கயிறு கோத்து இழுத்து இறுக்குவார்கள். இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஒருவர் கயிற்றை நெம்புகோலால் இழுத்துப் பிடிக்க, மற்றவர் துளையில் மரமுளை அடித்துக் கயிறு தளராமல் நிறுத்துவார். பிறகு துளைகளை அடைப்பார்கள். 1183-ல் செங்கடல் ஓரத்து ஐதாப் துறைமுகத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போன இப்னு ஜுபைர், அங்கே கப்பல்களில் ஒரு ஆணிகூட இல்லை என்றும், தைத்து முடித்து நெய்யோ விளக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள், சுறா எண்ணெய்தான் ஒசத்தி என்றும் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுத்து.

1237-ல் பாக்தாத் பக்கத்து ஓவியர் அல்-வாசிதி வரைந்த கையெழுத்துப் படியில் ஒரு கப்பல் ஓவியம் இருக்கிறது. பலகை இணைப்புகளில் தையல் போட்டிருப்பது அதில் கண்ணுக்குத் தெரியும்.

தண்ணி உள்ள வராதா?

வரும். மரக்கலம் என்றால் தண்ணீர் இறைப்பதும் வேலையில் சேர்த்திதான். ஆனால் மரம் நீரில் ஊறி உப்பும்போது இடைவெளிகள் தானாக மூடும். ஆணியடித்த காலத்தில் இணைப்புகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை உளியால் அடித்துத் திணித்தார்கள். தூத்துக்குடித் தச்சர்கள் 'கலப்பத்து' பார்ப்பது என்பார்களே, அதே வேலை.

நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பையும் ஆட்டுக் கொழுப்பையும் குழைத்துக் கையாலேயே பூசுவார்கள், மரத்தைத் துளைக்கும் கடற்புழு அண்டாமல் இருக்க. மேலே சுறா எண்ணெய். அந்த நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஆணி செய்யத் தெரியாமலா இருந்தாங்க? அப்புறம் ஏன் தைக்கணும்?

கடலுக்கு அடியில் காந்த மலை இருக்கிறது, ஆணி வைத்த கப்பலை இழுத்துவிடும் என்று ஒரு கதை உண்டு. 6-ஆம் நூற்றாண்டிலேயே புரோக்கோப்பியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் இதை மறுத்துவிட்டார்: செங்கடலில் ஓடும் ரோமானியக் கப்பல்களில் நிறைய இரும்பு இருக்கிறது, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அவ்வளவு எளிய பதில் கிடைத்த பிறகும் கதை ஆயிரம் வருடம் ஓடியது.

உண்மைக் காரணங்கள் சாதாரணமானவை. இரும்பு விலை அதிகம், நார் மலிவு. தையல் பிரிந்தால் கரையில் இழுத்துப் போட்டு மறுபடி தைக்கலாம். முக்கியமாக, தைத்த உடல் நெளியும். மணல் திட்டிலோ கரையலையிலோ மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். சென்னைக்குத் துறைமுகம் கட்டுமுன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலா படகும் இதே காரணத்துக்காகத் தைத்த படகுதான். எல்லாருக்கும் இது பிடித்தது என்று இல்லை. ஹோர்முஸ் துறைமுகத்தில் இவற்றைப் பார்த்த மார்க்கோ போலோ, மோசமான கப்பல்கள், பல மூழ்கிப் போகின்றன என்று குறை சொல்லிவிட்டுப் போனார். போர்த்துகீசியர் வந்த பின் பெரிய கலங்களில் ஆணி பரவலானது. சிறு படகுகளில் தையல் இன்னும் பல காலம் நீடித்தது.

பிளான், டிராயிங் எதுவும் இல்லாம கட்டுவாங்களாமே?

தலைமைத் தச்சரை 'உஸ்தாத்' என்பார்கள். அவர் மனசுதான் டிராயிங். முதலில் அடிக்கட்டை (ஏரா), பிறகு முன்கட்டை, பின்கட்டை. அதற்குப் பிறகு நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு: எலும்புக்கூட்டை நிறுத்திப் பலகை போர்த்துவதில்லை. பலகைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு சேர்த்து வெளியுடலைக் கட்டி எழுப்பிவிட்டு, அப்புறம்தான் வங்குக்கால்களை உள்ளே பொருத்துவார்கள். வெளியுடலின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு வங்கையும் வாச்சியால் செதுக்கிச் செதுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற கருவிகள் ரம்பம், வில்லால் சுற்றும் துரப்பணம், நூல், கொஞ்சம் கரி. ஒரு பேப்பூர் ஆசாரியிடம் "அளவு எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தன் முழங்கையைக் காட்டினார்.

முக்கோணப் பாய் அரபிகளோட கண்டுபிடிப்புதானே?

அப்படித்தான் வெகுநாள் எழுதினார்கள். ஆனால் சாய்பருமல் பாய்க்கு (பருமல் சாய்ந்து நிற்கும் இந்த வகைப் பாய்) அரபுக் காலத்துக்கு முன்பே மத்தியதரைக் கடலில் சான்று இருக்கிறது. இன்னொன்று: அரபுப் பாய் முழு முக்கோணமும் இல்லை. முன் ஓரம் கொஞ்சம் வெட்டிய மாதிரி இருக்கும்.

இந்தப் பாயில் ஒரு தொல்லை உண்டு. காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து போகும்போது, மற்றக் கப்பல்கள் முகத்தைக் காற்றுக்குக் காட்டித் திரும்பும். இது அப்படித் திரும்பாது. முதுகைக் காற்றுக்குக் காட்டிச் சுற்றி வர வேண்டும். அப்போது கப்பலைவிட நீளமாக இருக்கக்கூடிய பருமலை, பாயோடு சேர்த்து, பாய்மரத்துக்கு முன்பக்கமாக அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போக வேண்டும். கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்துப் பாடிக்கொண்டே இழுக்கும் வேலை அது. அதனால்தான் எதிர்காற்றோடு மல்லுக்கட்டாமல், காற்று திரும்பும் வரை துறைமுகத்தில் காத்திருந்தார்கள்.

காற்று எப்பத் திரும்பும்னு எப்படித் தெரியும்? ஒரு பயணம் எத்தனை நாள்?

நாள் இல்லை, மாதம். 'மான்சூன்' என்ற சொல்லே 'மவ்சிம்', அதாவது பருவம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கோடை கழிந்து பஸ்ரா பக்கத்தில் பேரீச்சம்பழம் பழுத்ததும் ஏற்றுவார்கள். வடகிழக்குக் காற்றில் இந்தியாவுக்கோ, ஏடன் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ போவார்கள். ஏப்ரல், மே வாக்கில் தென்மேற்குக் காற்று எழும்பும்போது அதைப் பிடித்துத் திரும்புவார்கள். ஜூன், ஜூலையில் அதே காற்று வெறிபிடித்தாற்போல அடிக்கும். மலபார்த் துறைமுகங்கள் மூடிக்கிடக்கும். கணக்கு ஒரு மாதம் தவறினால் ஒரு வருடம் போச்சு.

ஆப்பிரிக்காவிலிருந்து வரும்போது ஏற்றி வந்த சரக்கில் முக்கியமானது அலையாத்தி மரக் கழிகள். லாமு, ரூஃபிஜி முகத்துவாரச் சேற்றில் இறங்கி வெட்டியவை. மரமில்லாத வளைகுடாவில் வீட்டுக் கூரைக்கு உத்தரம் அதுதான். பழைய அரபு வீடுகளில் அறைகள் நீளமாகவும் அகலம் குறைவாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கழியின் நீளம் அவ்வளவுதான், அதற்கு மேல் அகலம் வைக்க முடியாது. ரூஃபிஜி சேற்று மரம் குவைத்தில் ஒருவர் படுக்கையறையின் அகலத்தை முடிவு செய்தது.

1938-ல் ஆலன் வில்லியர்ஸ் என்ற ஆஸ்திரேலிய மாலுமி ஏடனில் ஒரு குவைத் பூமில் ஏறி, சான்சிபார், ரூஃபிஜி போய், 1939-ல் குவைத் வரை கூடவே வந்தார். அவர் எடுத்த படங்களில் எல்லாம் இருக்கிறது: தளம் நிறையப் பயணிகள், அடுப்பு, பின்புறம் கடலுக்கு மேலே தொங்கும் மரப்பெட்டி. அந்தப் பெட்டி எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். கழிப்பறை.

வரைபடம் இல்லாத காலத்துல நடுக்கடல்ல எப்படி வழி கண்டுபிடிச்சாங்க?

கமால் என்ற சின்னப் பலகை. நடுவே துளை, அதில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு பலகையை முன்னால் நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தில் உட்கார, மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டும். எத்தனையாவது முடிச்சைக் கடிக்கும்போது பொருந்துகிறதோ, அதுதான் நட்சத்திரத்தின் உயரம். வடக்கே போகப்போக நட்சத்திரம் ஏறும், தெற்கே இறங்கும். ஊரில் நின்று அளந்து ஒரு முடிச்சு போட்டுக்கொண்டால், திரும்பும்போது அதே முடிச்சு பொருந்தும் வரை வடக்கே ஏறிவிட்டு, பிறகு கிழக்கோ மேற்கோ நேராகப் போனால் ஊர் வந்துவிடும்.

அளவின் பெயர் 'இஸ்பா', அதாவது விரல். நம்முடைய விரற்கடை மாதிரி. ஒரு இஸ்பா ஏறக்குறைய 1 பாகை 36 கலை. இதோடு நட்சத்திரங்கள் உதிக்கும், மறையும் திசைகளை வைத்துப் பெயரிட்ட 32 பிரிவுத் திசைகாட்டி. தண்ணீரின் நிறம், கடற்பாம்பு, பறவை என்று கரை நெருங்குவதற்கான அடையாளங்கள் தனி.

வாஸ்கோ ட காமாவுக்கு வழி காட்டினது இப்னு மாஜித்தானே? ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சேன்.

நானும் அப்படித்தான் படித்தேன். இப்னு மாஜித் இன்றைய ராஸ் அல் கைமா பக்கத்து ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். 15-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய மாலுமி அறிஞர். கமால், நட்சத்திரக் கணக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்தவர், நிறையவும் செய்யுளில். அவர்தான் காமாவுக்கு வழி காட்டினார் என்பது பின்னால் 16-ஆம் நூற்றாண்டு மக்கா வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியதிலிருந்து பரவியது. 1498-ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஏறிய வழிகாட்டியைப் போர்த்துகீசிய ஆசிரியர்கள் குஜராத்தி என்கிறார்கள். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. அது ஒரு விதத்தில் அவருக்கு நல்லதுதான். போர்த்துகீசியருக்கு வழி திறந்துவிட்டவர் என்று, செய்யாத வேலைக்குப் பல காலம் திட்டு வாங்கிவிட்டார்.

சீனா வரைக்கும் போனாங்கன்னு சொல்றாங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கிறது, கடலடியில் கிடைத்தது. 1998-ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 9-ஆம் நூற்றாண்டு. உள்ளே சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருள்கள், பெரும்பாலும் சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826-க்கு நேரான சீன ஆண்டு எழுதியிருந்தது. சரக்கு சீனாவுடையது, ஆனால் கப்பலின் பலகைகள் தைக்கப்பட்டவை. மரத்தில் ஆப்பிரிக்க மரமும் இருந்தது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் கட்டிய கலம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதற்கு முன்பே, 1980-ல், டிம் செவெரின் என்பவர் சூரில் தைத்த கப்பல் ஒன்றைக் கட்டி 'சோஹார்' என்று பெயரிட்டு, மஸ்கட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு 1981-ல் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தார். மலபார் அயினி மரம், சுமார் 400 மைல் நீளத் தேங்காய் நார்க் கயிறு, தைப்பதற்கு லட்சத்தீவு ஆட்கள். பிறகு பெலித்துங் கப்பலைப் பார்த்து ஓமானில் கட்டிய 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' 2010-ல் கொச்சி, இலங்கையின் காலித் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. அது முக்கோணப் பாய் இல்லாமல் சதுரப் பாயோடு போனது. மேலே பாய் பற்றிச் சொன்னதற்கும் இது பொருந்தும்.

முத்துக் குளிக்கப் போனதும் இதே கப்பல்லயா?

சிறியவற்றில்: சம்பூக், ஜால்பூத், பத்தீல். கோடை நான்கு மாதம் கடலிலேயே. மூக்கில் கவ்வி, காலில் கல், கழுத்தில் கூடை. கல் இழுத்துக்கொண்டு போகும். மூச்சு முட்டும்போது கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். வேலைக்கு உற்சாகம் கொடுக்க ஒரு பாடகரும் சம்பளத்தோடு உண்டு. பஹ்ரைனின் அந்தப் பாட்டு மரபான ஃபிஜிரியை 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

பாட்டு இனிமை, கணக்கு கசப்பு. பருவத் தொடக்கத்தில் முன்பணம், முடிவில் பெரும்பாலும் கடன், அடுத்த வருடம் அதே கப்பல். 1930-களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அந்தத் தொழிலையே படுக்கவைத்தன.

அடிமைகளையும் இதுலதானே ஏத்திட்டுப் போனாங்க? அதைப் பத்தி யாரும் பேசறதில்லையே?

ஏற்றினார்கள். பேசத்தான் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியாவுக்கும் வளைகுடாவுக்கும் மனிதர்களைக் கொண்டு போனதும் இதே கலங்கள், இதே பருவக்காற்று. சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-ல்தான், பிரிட்டிஷ் நெருக்குதலில், மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. மேலே சொன்ன முத்துக் கப்பல்களில் குளித்தவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அலையாத்திக் கழியையும் பேரீச்சையையும் மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடும் அருங்காட்சியகங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

இருக்கிறது, ஆனால் இல்லாததை ஒட்டவைக்க வேண்டாம். பாண்டியர் காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலுக்கு ஹோர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரை ஏற்றிக்கொண்டு வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆம், அந்தக் கப்பல்களைத் திட்டிய அதே போலோதான்.

தூத்துக்குடித் தோணியை இதன் தம்பி எனலாம், ஆனால் அது டவ் இல்லை. அப்புறம் 1960, 70-களில் விசா இல்லாமல் லாஞ்சில் ஏறி, கோர்ஃபக்கான் கரைக்குச் சற்றுத் தள்ளி இறக்கிவிடப்பட்டு, நீந்தி வளைகுடாவுக்கு வந்த மலையாளிகளின் கதை கேட்டிருப்பீர்கள். என் முதல் அறைத்தோழர் அப்படி வந்தவர். கப்பல் என்ன வகை என்று அவரிடம் கேட்டேன். "இருட்டுல யாருடா அணியத்தைப் பார்த்தா?" என்றார்.

கிரீக்ல நிக்கிற கப்பல்ல பாயே காணோமே?

1950-களுக்குப் பிறகு இன்ஜின்தான். பாய்மரம் இருந்த இடத்தில் இப்போது சரக்கு தூக்கும் கம்பம். பல கலங்கள் குஜராத்தின் மாண்ட்வி பக்கம் கட்டியவை. ஆட்களும் பெரும்பாலும் குஜராத்திகள், ஈரானியர்கள். ஃபிரிட்ஜ், டயர், அரிசி, பழைய கார் என்று ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும். பெரிய கன்டெய்னர் கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்கள் இருக்கும்வரை இவற்றுக்கும் வேலை இருக்கும்.

பாய் விரிச்சு ஓடறதை எங்க பார்க்கலாம்? டின்னர் குரூஸ் போனாப் போதுமா?

டின்னர் குரூஸில் பிரியாணி நன்றாக இருக்கும், பாய் இருக்காது. பாய் பார்க்க வேண்டுமானால் அல் கஃபால் பந்தயத்துக்குப் போங்கள். 1991 முதல் நடக்கிறது. சீர் பூ நைர் தீவிலிருந்து துபாய் வரை, 60 அடிக் கலங்கள், முத்துக் குளித்தவர்கள் பருவம் முடிந்து வீடு திரும்பிய நினைவாக. தோஹாவில் கதாரா மரக்கலத் திருவிழா இருக்கிறது.

பழைய உடலைப் பார்க்க ஓமானின் சூர். 1951-ல் அங்கே கட்டிய 'ஃபத் அல் கைர்' என்ற கஞ்சா கைமாறி யேமன் போய்விட்டது. ஊர்க்காரர்கள் 1993-ல் திரும்பக் கொண்டுவந்து கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மஸ்கட்டில் சோஹார் கப்பல் ஒரு ரவுண்டானாவின் நடுவில் நிற்கிறது. வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பலகை இணைப்பைக் கிட்டத்தில் பாருங்கள், தையல் தெரியும்.